அமெரிக்காவுல கிளினிக்கல் சைக்காலஜி பிஹெச்டி: எப்படி அப்ளை பண்றது, திரும்பி வந்தா இங்க ப்ராக்டிஸ் பண்ண முடியுமா?

தாமிரபரணி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி பக்கம், சென்னையில எம்எஸ்சி அப்ளைடு சைக்காலஜி முடிச்சிட்டு இப்ப ஒரு தொண்டு நிறுவனத்தோட ப்ராஜெக்ட்ல ரிசர்ச் அசிஸ்டன்ட்டா இருக்கேன். மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கறவங்க வீட்டுக்கு நேர்லயே போயி, அவங்கள பாத்துக்கற அம்மா, அண்ணன், பொண்டாட்டின்னு யார் இருக்காங்களோ அவங்ககிட்ட பேட்டி எடுக்கறது, கேள்வித்தாள் நிரப்பறது, அப்புறம் டேட்டா என்ட்ரி, இதான் வேலை. இந்த வேலை ரொம்ப பிடிச்சிருக்கு. வீட்டு ஆளுங்க நோயாளிய திட்டறது, பொத்தி பொத்தி வச்சிக்கறது, கோயிலுக்கு கூட்டிட்டு போறதா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதான்னு முடிவு பண்றது, இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணனும், கூடவே தெரபியும் கத்துக்கணும்னு ஆசை. அதனால அமெரிக்காவுல கிளினிக்கல் பிஹெச்டிக்கு இந்த டிசம்பர்ல அப்ளை பண்ணலாம்னு இருக்கேன்.

ஆனா யார்கிட்ட கேட்டாலும் ஒவ்வொரு மாதிரி சொல்றாங்க. ஒரு கன்சல்டன்சில போய் கேட்டா பிஹெச்டி எல்லாம் கெடைக்காதும்மா, சைடி (PsyD, சிகிச்சைய முதன்மையா வச்ச டாக்டரேட்) பண்ணுங்க, லோன் நாங்களே ஏற்பாடு பண்றோம்னாங்க, அவங்க சொன்ன தொகைய கேட்டு அப்பா அன்னிக்கி ராத்திரி சாப்பிடவே இல்ல, அவர் ரிடையர் ஆகிட்டாரு, வீட்ட அடமானம் வச்செல்லாம் நான் படிக்க மாட்டேன். காலேஜ் மேடம் முதல்ல இங்க எம்ஃபில் முடிம்மாங்கறாங்க. ஜிஆர்இ பரீட்சை எழுதணுமா வேணாமான்னும் தெரியல. ப்ரொபசர்களுக்கு முன்னாடியே மெயில் போடணுமாமே, அது நிஜமா?

இன்னொன்னு கேட்கணும். எங்க சித்தப்பாவுக்கு இந்த நோய் இருந்துச்சு, சின்ன வயசுல நான் பாத்திருக்கேன், ஒரு வழிபாட்டுத் தலத்துல அவர கொஞ்ச காலம் சங்கிலி போட்டு வச்சிருந்தாங்க. நான் இந்த படிப்புக்கு வந்ததே அதனாலதான். இத எஸ்ஓபில (அப்ளிகேஷனோட கொடுக்கற ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ்) எழுதலாமா? எழுதுனா மனச தொடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, எனக்கு ஏனோ தயக்கமா இருக்கு. கடைசியா, படிச்சிட்டு நான் இங்கதான் வரணும், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம்தான் வேலை செய்யணும். அந்த டிகிரி இங்க செல்லுமா?

மிட்வெஸ்ட்_தமிழன்:

சகோதரி, நான் இங்க ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில கிளினிக்கல் பிஹெச்டி நாலாவது வருஷம் பண்றேன், எஃப்-1 மாணவர் விசாலதான் இருக்கேன், அதனால தெரிஞ்சத எல்லாம் எழுதறேன், நீளமா போகும்.

முதல்ல பணம். பிஹெச்டியும் சைடியும் ரெண்டும் லைசன்ஸுக்கு போற டாக்டரேட்தான், ஆனா பணம் வர்ற திசை வேற. 1949ல அமெரிக்காவுல போல்டர்ங்கற (Boulder) ஊர்ல நடந்த மாநாட்டுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆராய்ச்சியும் தெரியணும் சிகிச்சையும் தெரியணும்னு முடிவு பண்ணாங்க, அந்த வழில வந்தது பிஹெச்டி. 1973ல வெயில்ங்கற (Vail) ஊர்ல நடந்த மாநாட்டுல சிகிச்சைய முதன்மையா வச்ச சைடிக்கு ஆதரவு கெடச்சுது. யுனிவர்சிட்டில இருக்கற நல்ல பிஹெச்டி ப்ரோக்ராம்கள்ல ட்யூஷன் தள்ளுபடி பண்ணி, பாடம் நடத்தவோ ரிசர்ச்சுல உதவவோ சொல்லி மாசாமாசம் ஸ்டைபண்ட் கொடுப்பாங்க. சைடில நிறைய இடத்துல முழுப் பணமும் நாமதான் கட்டணும், மொத்தமா 1 லட்சம் டாலர் சாதாரணமா தாண்டும். ஃபண்டிங் கொடுக்கற சைடியும் உண்டு, ஆனா கம்மி. கன்சல்டன்சிக்கு எந்தெந்த காலேஜ்ல கமிஷன் வருதோ அதத்தான் சொல்வாங்க, ஃபண்டட் பிஹெச்டில அவங்களுக்கு ஒண்ணும் வராது. உங்க அப்பாவ நிம்மதியா சாப்பிட சொல்லுங்க, வீட்ட அடமானம் வைக்காம படிக்கற வழி இருக்கு. கஷ்டமான வழிதான், ஆனா இருக்கு.

எவ்ளோ கஷ்டம்னா, ஒரு ப்ரோக்ராமுக்கு சில நூறு பேர் அப்ளை பண்ணுவாங்க, அஞ்சுல இருந்து பத்து பேர எடுப்பாங்க. ஏன் அவ்ளோ கம்மின்னா இங்க பெரும்பாலான இடத்துல ஒரு ப்ரொபசர் தன்னோட லேப்புக்கு ஒரு ஆள எடுக்கறாரு, சில வருஷம் யாரையுமே எடுக்க மாட்டாரு. ஆசாரிகிட்ட தொழில் பழக போற மாதிரி நினைச்சுக்கோங்க, பட்டறை எவ்ளோ பெருசுங்கறத விட எந்த ஆசாரி, அவர் கையில இப்ப என்ன வேலை இருக்கு, உங்களுக்கு இடம் இருக்கா, இதான் கேள்வி. ரேங்க் லிஸ்ட்ட பாத்து அப்ளை பண்றவங்க மார்க் நல்லா இருந்தும் இன்டர்வியூ வராம போறதுக்கு இதான் முக்கியமான காரணம்.

உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு, கேள்வி ரொம்ப தெளிவா இருக்கு. குடும்பமும் மனச்சிதைவும்ங்கறது இங்க பல வருஷமா ஆராய்ச்சி பண்ற விஷயம். மயாமி யுனிவர்சிட்டில ஏமி வைஸ்மன் டி மமானின்னு ஒரு ப்ரொபசர், மனச்சிதைவுக்கு குடும்பத்தோட பண்பாட்ட, சாமி நம்பிக்கையையும் சேத்து ஒரு குடும்ப தெரபிய உருவாக்கியிருக்காங்க. யுஎஸ்சில (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) ஸ்டீவன் லோபஸ், அமெரிக்காவுல இருக்கற மெக்சிக வம்சாவளி குடும்பங்கள்ல வீட்டாரோட பாசம் நோய் திரும்ப வர்றத எப்படி பாதிக்குதுன்னு பாத்தவர். இவங்க பேப்பர்கள படிங்க, யாரெல்லாம் இவங்கள மேற்கோள் காட்டறாங்களோ அந்த லேப்களையும் பாருங்க, அப்படியே லிஸ்ட் வளரும். அந்த வருஷம் ஆள் எடுக்கறாங்களான்னு ஆகஸ்ட், செப்டம்பர்ல லேப் பேஜ்லயே போட ஆரம்பிப்பாங்க.

ஒரு ப்ரோக்ராம நம்பலாமாங்கறதுக்கு ஒரே ஒரு பேஜ் பாத்தா போதும். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) அங்கீகாரம் இருக்கற எல்லா டாக்டரல் ப்ரோக்ராமும் சேர்க்கை, செலவு, எத்தன வருஷத்துல முடிக்கறாங்க, பாதில விட்டுட்டு போனவங்க எத்தன பேரு, இன்டர்ன்ஷிப் கெடச்சது எத்தன பேருக்கு, லைசன்ஸ் வாங்கினது எத்தன பேருன்னு ஒரு டேபிள வெப்சைட்ல வெளியிட்டே ஆகணும். அந்த டேபிள் இல்லாத ப்ரோக்ராம் பக்கமே போகாதீங்க, இருக்கறதுலயும் இன்டர்ன்ஷிப் சதவீதம் கீழ இருந்தா யோசிங்க.

இன்டர்ன்ஷிப்னதும் நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம், இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. கடைசி வருஷம் முழு நேர இன்டர்ன்ஷிப் பண்ணாதான் டிகிரி, அதுக்கு நாடு முழுக்க ஒரு மேட்ச் (மாணவர்களையும் இடங்களையும் பொருத்தற முறை) நடக்கும், அதுல ரொம்ப பெரிய பங்கு முன்னாள் ராணுவத்தினருக்கான விஏ ஆஸ்பத்திரிகள், அங்க அமெரிக்க குடிமக்கள மட்டும்தான் எடுப்பாங்க. அந்த கதவு நமக்கு மூடியிருக்கு. அமெரிக்க அரசோட ஆராய்ச்சி உதவித்தொகைகளான என்ஐஹெச்சோட எஃப்31, என்எஸ்எஃப் ஃபெலோஷிப்பும் குடியுரிமையோ க்ரீன் கார்டோ இருக்கறவங்களுக்குத்தான். அதனால இன்டர்வியூவுல தயங்காம கேளுங்க: உங்க ப்ரோக்ராம்ல வெளிநாட்டு மாணவர்கள் எங்கெங்க மேட்ச் ஆனாங்க, எத்தன வருஷம் ஃபண்டிங் உறுதி, சம்மர்ல ஸ்டைபண்ட் உண்டா? மொத்தம் 5 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஆகுங்கறதால சம்மர் கணக்கு முக்கியம்.

ஜிஆர்இ 2020க்கு அப்புறம் நிறைய இடத்துல எடுத்துட்டாங்க, சில இடத்துல இன்னும் கேக்கறாங்க, உங்க லிஸ்ட்ல எத்தன பேரு கேக்கறாங்கன்னு பாத்துட்டு அதுக்கு பணம் செலவு பண்ணலாமான்னு முடிவு பண்ணுங்க. டோஃபல் மாதிரி ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் அனேகமா வேணும், இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதுக்கு சர்டிபிகேட் இருந்தா சில இடத்துல விட்டுடுவாங்க. டிசம்பர் 1 பெரும்பாலான இடத்துக்கு கடைசி தேதி, ஜனவரி பிப்ரவரில இன்டர்வியூ, ஏப்ரல் 15க்குள்ள நாம பதில் சொல்லணும்.

கீழ்ப்பாக்கம்_அக்கா:

மேல தம்பி நல்லா எழுதியிருக்கார். நான் சென்னையில ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உன்னோட கடைசி ரெண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன்மா.

சித்தப்பா விஷயம். உன்னோட தயக்கம் சரியானது. 2006ல ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பின்னு ரெண்டு பேரு அமெரிக்க சைக்காலஜி அட்மிஷன் கமிட்டி தலைவர்கள்கிட்ட, ஒரு நல்ல அப்ளிகேஷன எது கெடுக்குதுன்னு கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல தன்னோட மன நோயப் பத்தி ரொம்ப விரிவா எழுதறது, எல்லாருக்கும் உதவி பண்ணணும்னு உருகி எழுதறது, ரெண்டுமே வந்துச்சு, அதோட பொருத்தமில்லாத ஆள்கிட்ட வாங்கின லெட்டரும், எழுத்துப் பிழையும். இத கேட்டா கல்நெஞ்சம் மாதிரி தோணும், அப்படி இல்ல. அந்த எஸ்ஓபி ஒரு ஆராய்ச்சியாளர் இன்னொரு ஆராய்ச்சியாளருக்கு எழுதற கடிதம். நீ எந்த கேள்விய துரத்தற, அதுக்கு இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்க, அவங்க லேப்புல எத பண்ண முடியும், இத தான் அவங்க தேடுவாங்க. உங்க சித்தப்பா பட்ட வேதனை உங்க குடும்பத்துக்கு சொந்தமானது, அத முன்னப்பின்ன தெரியாத கமிட்டிக்கு படைக்கணும்னு கட்டாயம் இல்ல. அவர் வழியா உனக்கு ஒரு கேள்வி வந்துச்சு இல்லையா, வீட்டு ஆளுங்க ஏன் ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடி வழிபாட்டுத் தலத்துக்கு போறாங்கன்னு, அந்த கேள்விய எழுது. வேணும்னா ஒரே ஒரு வரில எங்க குடும்பத்துலயும் இது உண்டுன்னு சொல்லிட்டு உன் களப்பணிக்கு போயிடு.

அதுக்கு எழுத நம்ம மண்ணுலயே எவ்ளோ இருக்கு பாரு. 2001 ஆகஸ்ட் 6 ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில ஒரு மனநல காப்பகத்துல நடந்த தீ விபத்துல சங்கிலில கட்டி வச்சிருந்த 28 பேர் போயிட்டாங்க, அதுக்கப்புறம்தான் உச்ச நீதிமன்றமே தானா எடுத்து விசாரிச்சுது. இன்னொரு பக்கம், 1980கள்ல சென்னையில முதல் முறையா நோய் வந்த 90 பேர டாக்டர் தாராவும் அவங்க குழுவும் வருஷக்கணக்கா பின்தொடர்ந்த மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடி, அதுல நிறைய பேரு நல்லா தேறி வந்தாங்க. 2015ல வந்த இன்னொரு ஆய்வு, ஸ்டான்ஃபோர்ட் மானுடவியலாளர் டான்யா லர்மன், சென்னை, கானால அக்ரா, கலிஃபோர்னியாவுல சான் மட்டேயோன்னு மூணு ஊர்ல தலா 20 பேர்கிட்ட காதுல கேக்கற குரல்களப் பத்தி கேட்டாங்க. அமெரிக்கர்களுக்கு அந்த குரல் பெரும்பாலும் முகம் தெரியாத மிரட்டலா இருக்கு, சென்னைக்காரங்க நிறைய பேருக்கு அது சொந்தக்காரங்க குரலா வருது, குளி, சாப்பிடு, வேலைய பாருன்னு அதட்டற குரல். சங்கிலியும் நம்ம மண்ணுலதான், குணமாறதும் நம்ம மண்ணுலதான், ரெண்டுக்கும் நடுவுல குடும்பம் என்ன பண்ணுதுங்கறத நீ வீடு வீடா போய் பாத்திருக்க. இத நீ எழுதலன்னா வேற யாரு எழுதுவா?

இப்ப டிகிரி செல்லுமாங்கறது. இந்தியாவுல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு ப்ராக்டிஸ் பண்ண, 1992 ஆர்சிஐ சட்டப்படி மத்திய மறுவாழ்வு பதிவேட்டுல பேர் இருக்கணும். 2017 மனநல பராமரிப்பு சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாருன்னு சொல்லும்போது ஆர்சிஐ அங்கீகரிச்ச தகுதி, இல்ல மேற்பார்வையோட முழுநேரமா 2 வருஷம் படிச்ச எம்ஃபில்னுதான் சொல்லுது. பிஹெச்டி வெறும் ஆராய்ச்சி டிகிரியா இருந்தா பேருக்கு முன்னாடி டாக்டர் போடலாம், இந்த பதிவு கெடைக்காது. இங்கயே பிஹெச்டி பண்ணலாம்னு யாராவது சொன்னா இத மனசுல வச்சிக்கோ. வெளிநாட்டு டிகிரிய ஆர்சிஐ தனித்தனி கேஸா பாக்கறாங்க, என்னென்ன பாடம், எத்தன மணி நேரம் நேர்ல நோயாளி பாத்த, யார் மேற்பார்வைன்னு கேப்பாங்க. அதனால அங்க சேர்ந்த முதல் நாள்ல இருந்து ப்ராக்டிகம் (படிப்போட சேர்ந்த நேரடி சிகிச்சைப் பயிற்சி) மணிக்கணக்கு, சிலபஸ், சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வை. எப்படியும் இன்டர்ன்ஷிப்புக்கு அங்கயே இந்த கணக்கு கேப்பாங்க.

எம்ஃபில் முதல்ல பண்ணும்மான்னு உங்க மேடம் சொன்னது தப்பில்ல, ஆனா நிலைமை மாறிடுச்சு. யுஜிசி 2022ல எம்ஃபில்ல நிறுத்திட்டாங்க, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் விதிவிலக்கு கொடுத்தாங்க. அதோட இடத்துக்கு ஆர்சிஐ புது பாடத்திட்டம் கொண்டு வர்றாங்க. எந்த காலேஜா இருந்தாலும் ஆர்சிஐ லிஸ்ட்ல அந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கான்னு நீயே பாத்துட்டு பணம் கட்டு, காலேஜ் ஆபீஸ்ல சொல்றத மட்டும் நம்பாத. அந்த பயிற்சி கெடச்சா ரொம்ப நல்லது. வார்டுல ராத்திரி பகலா பாத்த நோயாளிகள், தமிழ்ல கேஸ் ஹிஸ்டரி எடுக்கற பழக்கம், ஒரு பாட்டி "நெஞ்சுக்குள்ள கனமா இருக்கு"ன்னா அதுக்கு மேல எப்படி கேக்கறது, இத எந்த அமெரிக்க க்ளினிக்கும் சொல்லித் தராது. நீ திருநெல்வேலிக்கு திரும்பி வரணும்னு உறுதியா இருந்தா நான் முதல்ல இந்த பதிவுக்கான வழியத்தான் பாப்பேன், ஆராய்ச்சிதான் உயிர்னா பிஹெச்டி. உன் போஸ்ட்ட படிச்சா ஆராய்ச்சிதான் முன்னாடி நிக்குதுன்னு எனக்கு தோணுது.

டொரான்டோ_செல்வி:

கனடாவையும் பாருங்க, இங்க நிறைய இடத்துல முதல்ல மாஸ்டர்ஸ், அதே லேப்புல தொடர்ந்து பிஹெச்டின்னு இருக்கும், ஊர்ல எம்எஸ்சி முடிச்சிருந்தாலும் திரும்ப மாஸ்டர்ஸ்ல இருந்து ஆரம்பிக்க சொல்றது சகஜம். சிபிஏ (கனடா உளவியல் சங்கம்) அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டு மாணவர்களுக்கு ட்யூஷன் அதிகம், அத எவ்ளோ தூரம் ஈடு கட்டறாங்கன்னு ஆஃபர் லெட்டர்ல எழுத்துல வாங்குங்க. பிரிட்டன்ல டிக்ளின்சைக்னு 3 வருஷ படிப்பு, அங்க அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ல சம்பளத்தோட, ஆனா அது அங்க இருக்கறவங்களுக்குன்னே அமைச்ச மாதிரி, நேரா இந்தியாவுல இருந்து போறது ரொம்ப கஷ்டம்.

தாமிரபரணி_பொண்ணு:

அக்கா, அண்ணா, செல்வி அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா எழுதினத அப்பாவுக்கும் படிச்சு காட்டினேன். இப்ப ரெண்டு சந்தேகம். ப்ரொபசருக்கு மெயில்ல என்ன எழுதறது? அப்புறம் லெட்டர் ஆஃப் ரெகமண்டேஷன் மூணு வேணும்கறாங்க, எங்க டிபார்ட்மென்ட்ல கேட்டா நீயே எழுதிட்டு வாம்மா கையெழுத்து போடறேங்கறாங்க, அப்படி செய்யலாமா? என்கிட்ட சொந்தமா பப்ளிகேஷன் எதுவும் இல்ல.

மிட்வெஸ்ட்_தமிழன்:

மெயில் சின்னதா இருக்கணும், ஃபோன்ல ஸ்க்ரோல் பண்ணாம படிக்கற அளவு. நான் யாரு, இப்ப என்ன பண்றேன்னு ரெண்டு வரி, உங்க இந்த பேப்பர்ல இந்த முடிவு என் களத்துல பாத்ததோட இப்படி பொருந்துது இல்ல மோதுதுன்னு ரெண்டு வரி, வர்ற வருஷம் ஸ்டூடன்ட் எடுக்கறீங்களான்னு ஒரு வரி, சிவி இணைப்பு. "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு யுனிவர்சிட்டி"ன்னு ஆரம்பிச்சா எல்லாருக்கும் அனுப்பற மெயில்னு உடனே தெரிஞ்சிடும். பதில் வரலன்னா மனசு விடாதீங்க, சில ப்ரோக்ராம்ல எல்லாருக்கும் சமமா இருக்கணும்னு அப்ளிகேஷனுக்கு முன்னாடி பேசறதில்லன்னே வச்சிருக்காங்க. பதில் வராத லேப்புல இருந்து இன்டர்வியூ வர்றதும் உண்டு.

பப்ளிகேஷன் இல்லாதது பெரிய குறை இல்ல, ஆனா ஒரு ஆராய்ச்சில ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரு சின்ன பங்காவது உங்களோடதா இருக்கணும். உங்க ப்ராஜெக்ட் தலைவர்கிட்ட இன்னிக்கே கேளுங்க, இருக்கற டேட்டால இந்த ஒரு கேள்விய நான் அனலைஸ் பண்ணி ஒரு மாநாட்டுக்கு போஸ்டரா அனுப்பலாமான்னு. உதாரணத்துக்கு, பாத்துக்கறது அம்மாவா பொண்டாட்டியாங்கறத பொறுத்து சுமை எப்படி மாறுது. ஆர்னு (R) ஒரு புள்ளியியல் சாஃப்ட்வேர் இருக்கு, கத்துக்கோங்க, இலவசம். கேள்வித்தாள நீங்க தமிழ்ல மொழிபெயர்த்து, திரும்ப இங்கிலீஷுக்கு கொண்டு வந்து சரிபாத்த வேலை செஞ்சிருந்தா அத சிவில கண்டிப்பா போடுங்க, இங்க அதுக்கு நல்ல மதிப்பு இருக்கு.

ஓய்வுபெற்ற_ஆசிரியை:

லெட்டர் பத்தி நான் சொல்றேன், பல வருஷம் காலேஜ்ல இருந்தேன், நிறைய லெட்டர் எழுதியிருக்கேன். நீங்களே எழுதி கையெழுத்து வாங்கறது வேண்டாம்மா. அது நேர்மையும் இல்ல, பிரயோஜனமும் இல்ல, மூணு லெட்டரும் ஒரே குரல்ல இருக்கும், படிக்கறவங்களுக்கு தெரிஞ்சிடும். உங்க ஆசிரியர்களுக்கு நேரம் இல்லாததும் உண்மை, ஒரு வகுப்புல அத்தன பேர் இருக்காங்க, எல்லாரையும் எப்படி ஞாபகம் வச்சிருப்பாங்க? அதனால அவங்க வேலைய சுலபமாக்குங்க. ஒரு பக்கத்துல, உங்ககிட்ட நான் செஞ்ச வேலை இது, தீசிஸ் தலைப்பு இது, அதுல நான் சந்திச்ச பிரச்சனை இது, இப்படி தீர்த்தேன், எந்தெந்த யுனிவர்சிட்டி, கடைசி தேதி என்னன்னு எழுதிக் கொடுங்க. நேர்ல போய் கொடுங்க, செப்டம்பர்லயே கொடுங்க, நவம்பர் நடுவுல ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க. லிங்க் அவங்க மெயிலுக்கு வரும், ஸ்பாம்ல விழுந்திருக்கான்னு பக்கத்துல உக்காந்தே பாத்துடுங்க. லெட்டர பாக்கற உரிமைய விட்டுக்கொடுக்கறேன்னு அப்ளிகேஷன்ல ஒரு கட்டம் வரும், அத டிக் பண்ணுங்க, அப்பதான் லெட்டருக்கு மரியாதை.

மூணுல ஒண்ணு கட்டாயம் உங்க ப்ராஜெக்ட் தலைவரோடதா இருக்கட்டும், உங்கள தினமும் களத்துல பாத்தவங்க அவங்கதான். ஹெச்ஓடி பதவி பெருசுன்னு உங்கள தெரியாதவர்கிட்ட வாங்காதீங்க.

மிட்வெஸ்ட்_தமிழன்:

அம்மா சொன்னது அப்படியே சரி. ஒண்ணே ஒண்ணு சேத்துடறேன், அப்ளிகேஷன் ஃபீஸ். ஒரு இடத்துக்கு 75ல இருந்து 100 டாலர் வரைக்கும் சாதாரணம், பத்து இடம்னா மார்க் ஷீட் மதிப்பீடு, ஸ்கோர் அனுப்பறது எல்லாம் சேத்து ஒரு லட்சம் ரூபா பக்கம் வந்துடும். ஃபீஸ் தள்ளுபடி வெளிநாட்டவருக்கும் சில இடத்துல உண்டு, கிராஜுவேட் ஸ்கூல் ஆபீஸுக்கு அக்டோபர்லயே மெயில் போட்டு கேளுங்க, டிசம்பர்ல கேட்டா நேரம் இருக்காது. மார்க் ஷீட்ட முதல்லயே சொந்தமா ஸ்கேன் பண்ணி ஏத்தினா போதும்னு பல இடத்துல இருக்கு, சீட் கெடச்சப்புறம்தான் ஒரிஜினல் கேப்பாங்க, அதனால எல்லாத்துக்கும் முன்கூட்டியே மதிப்பீட்டுக்கு பணம் கட்டாதீங்க. லிஸ்ட் ரெடியானதும் இங்கயே போடுங்க, எந்த லேப் உங்க கேள்விக்கு நெருக்கம்னு சேர்ந்து பாக்கலாம்.